வீடும் கடையும் ஒரே தெருவில்



ஒரு பிழையை ஒப்புக்கொண்டு இப்பேச்சைத் தொடங்குகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த ஊரில், பள்ளிக்குச் செல்லும் தெரு ஒன்று உண்டு. வீடுகளுக்கு இடையிடையே ஒரு தையற்கடை, ஒரு மளிகைக் கடை, ஒரு தேநீர்க் கடை, மிதிவண்டி பழுதுபார்ப்பவர் ஒருவர், திண்ணையில் அமர்ந்து பூக்கட்டும் அம்மையார் ஒருவர். கல்விச்சாலை இருக்கும் தெருவில் கடைச் சந்தடி எதற்கு என்று எனக்குத் தோன்றிற்று. ஊர்ப் பெரியோர் சிலரும் அவ்வாறே எண்ணினர். கடைகளை அகற்ற வேண்டுமென்று மனு ஒன்று எழுதினோம். நடை செம்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக நானே அதனைத் திருத்தினேன். முதற் கையெழுத்தும் என்னுடையதே. ஓராண்டிற்குள் கடைகள் போயின. தெரு துப்புரவாயிற்று, அமைதியும் அடைந்தது. அடுத்த மழைக்காலத்தில், மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து ஆறரை மணிக்கு வீடு திரும்பும் பெண்பிள்ளைகள் அந்தத் தெருவிற் போக அஞ்சிச் சுற்றுவழியாகச் செல்கிறார்கள் என்று ஆசிரியை ஒருவர் வந்து சொன்னார். தெருவிளக்குத்தான் எரிகிறதே, அச்சம் எதற்கு என்று கேட்டேன். "விளக்கு இருக்கிறது, ஐயா, ஆள் இல்லை" என்றார்.

அந்த விடையின் முழுப் பொருளும் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. விளங்க வைத்தது கடல் கடந்த நகரம் ஒன்றின் வரலாறு. நியூயார்க் நகரத்தின் திட்டக் கமிஷன் முன்னிலையில், வீடும் கடையும் தொழிற்கூடமும் ஒரே தெருவில் இருக்கலாமா என்பது பற்றி நடந்த வழக்காடலையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நகரத்தின் வரைபடத்தை மேசைமீது விரித்து, இப்பகுதி குடியிருப்புக்கு, இப்பகுதி வணிகத்துக்கு, இப்பகுதி ஆலைகளுக்கு என்று வண்ணம் தீட்டி, அந்த வண்ணத்துக்குச் சட்டத்தின் வலிமையைக் கொடுப்பதையே மண்டலப் பகுப்பு என்கிறோம். இவற்றுள் இரண்டோ மூன்றோ ஒரே இடத்தில் இருக்க இடங்கொடுப்பது கலப்புப் பயன்பாடு. தெருவின் கீழ்த்தளத்தில் கடையும் மேல்மாடியில் வீடுமாக வாழ்ந்து பழகிய நமக்கு, அதற்கெனத் தனிப் பெயர் ஒன்று வேண்டியிருப்பதே வியப்பாக இருக்கும். ஆயினும் பிரித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் வெறும் மூடத்தனத்தில் பிறந்ததன்று. தோல் பதனிடும் தொட்டிக்கு அருகில் குடியிருந்தவரைக் கேட்டால் காரணம் சொல்வார்.

நியூயார்க்கில் அக்காரணம் ஒரு கட்டடத்தின் வடிவில் வந்து நின்றது. 1915ஆம் ஆண்டு, அந்நகரின் பிராட்வே வீதியில் 'எக்விடபிள்' கட்டடம் எழுந்தது. ஓர் ஏக்கருக்குச் சற்றே குறைந்த நிலத்தில் ஏறத்தாழ 40 மாடி. எங்கும் உள்வாங்காமல் மதில் போலச் செங்குத்தாக உயர்ந்த கட்டடம். அதன் நிழல் ஏழு ஏக்கர் பரப்பில் விழுந்தது என்பர். அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் வெளிச்சமும் காற்றும் போயின; அவற்றின் வாடகையும் போயிற்று. அதே காலத்தில் ஐந்தாம் நிழற்சாலையின் பெருவணிகர்களுக்கு வேறொரு கவலை. ஆயத்த ஆடை தைக்கும் தொழிற்கூடங்கள் அவர்களுடைய கடைகளை நோக்கி நகர்ந்து வந்தன. நண்பகலில் அங்கு வேலை செய்த குடியேறிய ஏழை மக்கள் உணவு இடைவேளைக்கு வெளியே வந்து நடைபாதையில் நின்றனர். செல்வர் வீட்டுப் பெண்மணிகள் கடைக்கு வர அது தடையாக இருக்கிறதாம்! வெளிச்சம் போனவரின் முறையீட்டையும், ஏழை நிற்பதைக் காணப் பொறாதவரின் முறையீட்டையும் ஒரே கமிஷன்தான் கேட்டது. எட்வர்ட் பாசெட் என்ற வழக்கறிஞர் அதன் தலைவர். 1916ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அந்நகரம் முழுமைக்குமான மண்டலப் பகுப்புச் சட்டம் நிறைவேறியது. அமெரிக்க நாட்டில் ஒரு நகரம் முழுவதையும் தழுவிய முதற் சட்டம் அதுவே.

அச்சட்டம் மிகக் கடுமையானதன்று. குடியிருப்பு, வணிகம், வரையறையற்றது என மூன்று மண்டலங்கள். குடியிருப்பு மண்டலத்தில் கடை வரலாகாது. ஆனால் வணிக மண்டலத்தில் வீடு வரலாம். மூன்றாவதில் எதுவும் வரலாம். உயரமான கட்டடங்கள் நம் கோயிற் கோபுரங்களைப் போலப் படிப்படியாக உள்வாங்கிச் செல்ல வேண்டும் என்றும் விதித்தது. அதனால் தெருவுக்கு வானம் தெரிந்தது. நன்மை செய்த சட்டம் என்றே அதனை நான் கருதுகிறேன்.

ஆனால் கோடு போடும் கோல் கையில் வந்துவிட்டால், எதை எதனிடமிருந்து பிரிக்கிறோம் என்பதில் மனிதர் நேர்மையாக இருப்பதில்லை. நியூயார்க் சட்டத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சான் பிரான்சிஸ்கோ நகரம் இதற்குச் சான்று காட்டியது. மரக் கட்டடங்களில் சலவைச்சாலை நடத்த நகரசபையின் உரிமம் வேண்டும் என்று அங்கே ஒரு விதி. தீ விபத்தைத் தடுப்பதற்கான விதி என்று சொன்னார்கள். விண்ணப்பித்த சீனர் ஏறத்தாழ 200 பேர். ஒருவருக்கும் உரிமம் இல்லை. சீனர் அல்லாதார் ஏறத்தாழ 80 பேர். ஒருவர் நீங்கலாக அனைவருக்கும் உரிமம் கிடைத்தது. 1886இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதனைச் செல்லாதென்றது. பால்டிமோர் நகரமோ 1910இல், கறுப்பின மக்கள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், வெள்ளையர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்றே சட்டம் இயற்றிற்று. அவ்வகைச் சட்டம் ஒன்றை 1917இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தெருவைத் துப்புரவாக்குகிறோம் என்று யாரேனும் சொல்லும்போது, யாரைத் துடைக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. என் மனுவிலும் 'துப்புரவு' என்ற சொல் மூன்று இடங்களில் வந்திருந்தது.

மண்டலப் பகுப்பு அந்நாடெங்கும் பரவக் காரணமான தீர்ப்பு 1926இல் வந்தது. கிளீவ்லாண்டு நகரை அடுத்த யூக்ளிட் என்ற சிற்றூர் தன் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்தது. அங்கே 68 ஏக்கர் நிலம் வைத்திருந்த ஒரு நிறுவனம், ஆலைக்கு விற்றால் ஏக்கருக்கு 10,000 டாலர் வரும், குடியிருப்புக்கென ஒதுக்கினால் 2,500தான் வரும் என்று வழக்காடியது. ஊர்தான் வென்றது. அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆலையை மட்டுமன்றி, பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் அடுக்கு வீடுகளையுங்கூடத் தனி வீடுகளின் பக்கத்தில் வரவிடாமல் தடுக்கலாம் என்பது அதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், அத்தனை வாதத்துக்கும் இலக்கான அந்த நிலத்தில் பிற்காலத்தில் எழுந்தது தொழிற்சாலையே.

இனி 1961ஆம் ஆண்டுக்கு வருவோம். நம் கதையின் நடுவிடம் இது.

அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்கின் புதிய மண்டலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திட்டக் கமிஷனின் தலைவர் ஜேம்ஸ் ஃபெல்ட் முன்னின்று நிறைவேற்றியது அது. பழைய சட்டம் இடங்கொடுத்தபடி முழுவதும் கட்டினால் அந்நகரில் 5½ கோடி மக்கள் குடியேறலாம் என்று கணக்கிட்டனர். புதியது அதனை ஏறத்தாழ 1 கோடி 20 லட்சமாகக் குறைத்தது. பயன்பாடுகளைப் பதினெட்டு வகுப்புகளாகப் பிரித்தது. ஆலை மண்டலத்தில் இனிப் புதிய வீடு கட்டக் கூடாது. புதிய வீடுகளுக்கு மோட்டார் வண்டி நிறுத்த இடம் வேண்டும். தொழிற்கூடங்களின் புகைக்கும் ஓசைக்கும் அதிர்வுக்கும் அளவு வகுத்தது. இது பாராட்டத்தக்க பகுதி. ஆயினும் சட்டத்தின் உட்கருத்து ஒன்றே: வாழுமிடம் வேறு, உழைக்குமிடம் வேறு.

அச்சட்டம் இயற்றப்பட்டு நடைமுறைக்கு வரக் காத்திருந்த அதே காலத்தில், கிரீனிச் வில்லேஜ் பகுதியின் மேற்குப் பக்கத்தில் 14 தெருக்கட்டங்களை நகரப் புத்தாக்கத்துக்கென ஆராயப் போவதாக நகர ஆட்சி அறிவித்தது. 'புத்தாக்கம்' என்பது அழகான சொல். அதன் பொறி எவ்வாறு இயங்கிற்று என்பதைச் சொல்கிறேன். 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி, ஒரு பகுதி 'சீர்கெட்டது' என்று முதலில் நகரம் முத்திரையிட வேண்டும். முத்திரை விழுந்தவுடன் அங்குள்ள வீடுகளையும் கடைகளையும் அரசு விலைகொடுத்துக் கைப்பற்றலாம்; இடித்துத் தரைமட்டமாக்கலாம்; வெற்று நிலத்தைக் கட்டட நிறுவனத்துக்குக் குறைந்த விலையில் விற்கலாம். அதனால் வரும் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு கொடுக்கும். ஆகவே எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிற்று. சீர்கெட்டது எது? வீட்டுக்குப் பக்கத்தில் பட்டறை, பட்டறைக்குப் பக்கத்தில் பண்டகசாலை, அதற்கு மேலே குடித்தனம் என்றிருந்தால், அக்காலத் திட்ட வல்லுநரின் பாடநூற்படி அதுவே சீர்கேட்டின் அடையாளம்.

அந்தப் பகுதியில் ஹட்சன் தெரு 555ஆம் எண் வீட்டில் ஓர் அம்மையார் வாழ்ந்துவந்தார். ஜேன் ஜேக்கப்ஸ் என்பது பெயர். 1916இல், அதாவது அந்த முதற் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், பிறந்தவர். கட்டடக் கலை இதழ் ஒன்றில் எழுத்துப் பணி. கணவர் கட்டடக் கலைஞர். கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாதவர். மாணவர்களாகிய நீங்கள் இதனைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டா. படிக்காதவர் என்று நான் சொல்லவில்லை, பட்டம் பெறாதவர் என்றே சொன்னேன். அவர் வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளம் முன்பு மிட்டாய்க் கடையாக இருந்தது. அமெரிக்கப் பெருநகரங்களின் சாவும் வாழ்வும் பற்றிய தம் நூலின் கைப்பிரதியை அவர் பதிப்பகத்திடம் ஒப்படைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தபோது, தம் தெருவுக்கே இந்த அறிவிப்பு வந்தது. எழுதியதை நடத்திக் காட்ட வேண்டிய தேர்வு அவருக்கு இவ்வளவு விரைவில் வந்துவிட்டது!

அந்நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். ஒரு நாள் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து பார்க்கும்போது, எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை ஓர் ஆடவர் தம்முடன் வருமாறு வற்புறுத்திக்கொண்டிருந்தார். சிறுமி விறைத்து நின்றாள். தலையிடலாமா என்று ஜேக்கப்ஸ் எண்ணுவதற்குள், எதிரே இறைச்சிக் கடைக்கார அம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றார். உணவுக் கடைக்காரர் தம் வாசலுக்கு வந்தார். பூட்டு செய்பவர், பழக் கடைக்காரர், சலவைக் கடைக்காரர் ஒவ்வொருவராக வெளிவந்தனர். மேல்மாடிச் சன்னல்களிலும் தலைகள் தெரிந்தன. அந்த மனிதர் அறியாமலேயே அவரைச் சுற்றி ஒரு வளையம் அமைந்துவிட்டது. இறுதியில் அவர் அச்சிறுமியின் தந்தையே என்று தெரிந்தது. அவரைப் பார்த்து நான் இரங்குகிறேன். ஆனால் அவர் தந்தையாக இல்லாதிருந்தால்? அந்த வளையத்தில் காவலர் ஒருவரும் இல்லை. சம்பளம் வாங்கியவரும் இல்லை. தத்தம் தொழிலுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தவர்களே அவர்கள். இதைப் படித்தபோது, என் ஊரின் தையற்காரரும் பூக்கட்டும் அம்மையாரும் என் கண்முன் வந்து நின்றனர் என்று சொன்னால் மிகையன்று. நான் போக்கியது சந்தடியை மட்டுமன்று. இருபது கண்களையும் போக்கிவிட்டேன்.

கடைகள் மட்டும் இருந்தாற் போதுமா என்றால் போதாது என்கிறார் ஜேக்கப்ஸ். நியூயார்க்கின் தென்முனையில் வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த பகுதியை எடுத்துக்கொள்கிறார். அக்காலத்தில் பகலில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் அங்கே வேலை செய்தனர். குடியிருந்தவரோ மிகச் சிலர். நண்பகல் ஒரு மணி நேரம் உணவு விடுதிகளில் நிற்க இடமிராது. மாலை ஆறு மணிக்குமேல் தெருவில் ஈ காக்கை இராது. நாளுக்கு இரண்டு மணி நேர வாணிகத்தை நம்பி ஒரு கடை எவ்வாறு பிழைக்கும்? ஹட்சன் தெருவிலோ காலையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், நண்பகலில் பக்கத்துத் தொழிற்கூடங்களிலிருந்து வரும் உழைப்பாளர், மாலையில் வீடு திரும்புவோர், இரவில் விடுதிக்கு வரும் கப்பல் துறைத் தொழிலாளர் என்று மணிக்கு மணி வேறு வேறு மக்கள். ஒரே கடை எல்லாருக்கும் பயன்படுகிறது. எல்லாராலும் அக்கடை வாழ்கிறது. வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு காரியமாக மனிதர் வருவதே தெருவின் உயிர் என்பது அவர் கண்டது. அதற்குத் துணையாகத் தெருக்கள் குறுகிய இடைவெளியில் அடிக்கடி திரும்ப வேண்டும். மக்கள் போதிய நெருக்கமாக வாழ வேண்டும். புதிய கட்டடங்களுக்கு நடுவே பழையனவும் நிற்க வேண்டும். இந்த இறுதி நிபந்தனை சிந்திக்கத்தக்கது. புதுக் கட்டடத்தின் வாடகையைப் பெருநிறுவனங்கள்தாம் கொடுக்க இயலும். முதலில்லாமல் தொழில் தொடங்கும் இளைஞனுக்குக் காரை பெயர்ந்த பழைய கட்டடமே கைகொடுக்கும்.

வல்லுநர்கள் இவற்றைக் காணவில்லையா? பாஸ்டன் நகரின் நார்த் எண்டு என்னும் பகுதியைப் பற்றி அந்நூலில் வரும் உரையாடல் இதற்கு விடை. அங்கே வீடுகள் மிக நெருக்கம். எங்கும் கடையும் பட்டறையும். ஜேக்கப்ஸ் தமக்குத் தெரிந்த பாஸ்டன் திட்ட வல்லுநர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டார். அது மிக மோசமான சீர்கெட்ட பகுதி என்றார் அவர். புள்ளிவிவரம் என்ன சொல்கிறது என்று கேட்டபோது, அவரே ஏட்டைப் புரட்டிச் சொன்னார்: சிறார் குற்றமும் நோயும் குழந்தைச் சாவும் நகரிலேயே மிகக் குறைவானவற்றுள் சேரும், 1,000 பேருக்கு இறப்பு 8.8, நகரத்தின் சராசரியோ 11.2. அங்கே நடந்து செல்ல எனக்கும் ஆசைதான், எனினும் அது சீர்கெட்ட பகுதியாயிற்றே என்று அவர் சங்கடப்பட்டார். கண் ஒன்று சொல்ல, ஏடு ஒன்று சொல்ல, பாடநூல் வேறொன்று சொல்கிறது. மனிதர் பாடநூலையே நம்புகிறார்! ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இது நகைப்பூட்டும் செய்தியன்று. அதே பாஸ்டனில் வெஸ்ட் எண்டு என்ற பகுதி அப்படித்தான் முத்திரை பெற்று, 1950களின் இறுதியில் இடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சிதறின.

ஹட்சன் தெரு மக்கள் சிதற ஒப்பவில்லை. ஒரு குழு அமைத்தனர்; ஜேக்கப்ஸ் அதனை முன்னின்று நடத்தினார். வீடு வீடாகச் சென்று, எத்தனை பேர் வாழ்கின்றனர், வீட்டின் நிலை என்ன, என்ன தொழில் நடக்கிறது என்று தாங்களே கணக்கெடுத்தனர். இடிக்கக் குறித்த கட்டடங்களின் சன்னலில் பெருக்கற்குறி இடுவது அங்கே வழக்கம். இவர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து அதன் மீது பெருக்கற்குறி ஒட்டிக்கொண்டு திரிந்தனர். திட்டத்தை ஆதரிப்பதாக வந்த தாள்களும், அதனால் பயனடையக் கூடியவர்களின் தாள்களும் ஒரே தட்டச்சுப்பொறியில் அடிக்கப்பட்டவை என்று எழுத்தின் தேய்மானத்தைக் காட்டிக் குற்றஞ்சாட்டினர். மேயர் வாக்னர் அப்போது தேர்தலை எதிர்நோக்கியிருந்தார். திட்டத்தைக் கைவிடச் சொல்வதாக வாக்களித்தார்.

ஆனால் கமிஷன் அசையவில்லை. 1961 அக்டோபர் 18ஆம் நாள் கூடி, அப்பகுதி புத்தாக்கத்துக்கு உரியதே என்று அறிவித்தது. கூடியிருந்த மக்கள் இருக்கைகளை விட்டு எழுந்து கூச்சலிட்டனர், போலீசார் வரவழைக்கப்பட்டனர், சிலர் வெளியேற்றப்பட்டனர். சபை ஒழுங்கு கெட்டது என்று தலைமையாசிரியனாகிய நான் கண்டிக்க வேண்டும். அந்த ஒழுங்கான சபைதான் அவர்களுடைய வீடுகளைத் துடைத்தெறிய முடிவு செய்திருந்தது என்பதையும் மறக்க இயலவில்லை. வழக்கும் முறையீடும் தொடர்ந்தன. 1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கமிஷன் தன் முத்திரையைத் தானே நீக்கிக்கொண்டது. 14 தெருக்கட்டங்களும் நின்றன.

ஜேக்கப்ஸின் கருத்தை அறிஞர் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. லூயி மம்ஃபோர்டு என்ற பேரறிஞர் 1962இல், இது பாட்டி வைத்தியம் என்னும்படி ஏளனம் தொனிக்க நீண்ட மறுப்பு எழுதினார். இந்த மம்ஃபோர்டு தம் குருவாகப் போற்றியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடஸ். தம் மகனுக்கே அவர் பெயரை இட்டவர். அந்தக் கெடஸ் நம் சென்னைக்கு வந்தவர் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆளுநர் பென்ட்லாண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் 1914இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, நம் சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அவர் அறிக்கைகள் எழுதினார். திட்டம் தீட்டுமுன் ஊரை ஆராய்க. அறுவைச் சிகிச்சை வேண்டுமெனில் உயிருள்ள உறுப்பைக் காத்துச் சிறிதே வெட்டுக என்பது அவர் கொள்கை. ஹட்சன் தெரு மக்கள் வீடு வீடாக எடுத்த கணக்கை அவர் பார்த்திருந்தால், தம் சீடரைவிடச் சற்று மகிழ்ந்திருப்பார் என்று எண்ணுவதில் எனக்கு ஓர் இன்பம்.

கலப்பு என்றால் எதையும் எங்கும் விடுவது என்று பொருள்கொள்ளலாகாது. ஜேக்கப்ஸே அவ்வாறு சொல்லவில்லை. பெருஞ் சரக்குவண்டி நிலையம், பெட்ரோல் நிலையம், பிரம்மாண்டமான விளம்பரப் பலகை போன்றவை சிறு தெருவைச் சிதைக்கும் என்கிறார். கடையா வீடா என்ற வகையைப் பார்த்துத் தடுப்பதைவிட, தெருமுகப்பில் எவ்வளவு நீளத்தை ஒருவர் விழுங்குகிறார் என்ற அளவைப் பார்த்துத் தடுப்பதே தக்கது என்பது அவர் கருத்து. என் மனுவை இன்று நினைத்தால், தேநீர்க் கடையில் சிறுவருக்கு சிகரெட் விற்கக் கூடாது என்ற ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கும்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஆலைகள் வெளியேறிய மாடிகளில் ஓவியர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறினர். தீயணைப்போர் அறிவதற்காக, உள்ளே கலைஞர் வாழ்கிறார் என்று மூன்று எழுத்துப் பலகையை வாசலில் மாட்டி வைத்தனர். 1971இல் கமிஷன் விதியைத் திருத்தி, அவர்கள் அங்கேயே வாழவும் தொழில் செய்யவும் இடங்கொடுத்தது. ஹட்சன் தெரு மக்கள் தாமே வகுத்த திட்டத்தின்படி, எவரையும் வெளியேற்றாமல், ஐந்து மாடியில் 420 வீடுகள் 1970களின் நடுவில் எழுந்தன. ஜேக்கப்ஸ் 1968இலேயே கனடா நாட்டு டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார், 2006இல் மறைந்தார். வெற்றிக்குப் பின்னர் வந்த கசப்பையும் மறைக்கக் கூடாது. துறைமுகத் தொழில் நதிக்கு அப்பால் நகர்ந்தது. இடிக்கப்படாமல் காப்பாற்றிய அந்தத் தெருக்கள் இன்று அந்நகரிலேயே வாடகை மிக உயர்ந்தவற்றுள் சேர்ந்துவிட்டன. பூட்டு செய்பவருக்கும் கப்பல் துறைத் தொழிலாளிக்கும் அங்கே இனி இடமில்லை. இருக்கும் நல்ல தெருக்கள் சிலவே, விரும்புவோர் பலர், வாடகை ஏறாமல் என் செய்யும்? பழையதைக் காத்தவர்கள் புதிய வீடுகளைத் தடுத்துவிட்டார்கள் என்று குறைகூறுவோரும் உளர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை.

இவ்வழக்காடல் இன்னும் முடிந்தபாடில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுகளைத் தளர்த்தும் திருத்தங்கள் அந்நகரின் கமிஷன் முன் மீண்டும் வந்தன. 13 உறுப்பினர் கொண்ட அக்கமிஷன் முன் குடிமகன் எவரும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். கடைவீதிகளில் கடைகளுக்கு மேலே வீடு கட்டவும், வண்டி நிறுத்தும் கட்டாயத்தைப் பல இடங்களில் நீக்கவும் வழிசெய்யும் திருத்தத்தை 2024 டிசம்பர் 5ஆம் நாள் நகர மன்றம் 31க்கு 20 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. நம் சென்னைப் பெருநகரின் 2008ஆம் ஆண்டு இரண்டாவது முழுமைத் திட்டத்திலும் கலப்புக் குடியிருப்பு என்று ஒரு மண்டலம் உண்டு. அதன் வரைபடத்தில் உங்கள் தெரு எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று சென்னை மாணவர்கள் தேடிப் பார்க்கலாம்.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள், அந்தத் தையற்காரரைத் தேடிச் சென்றேன். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், ஒரு மாடிப்படியின் அடியில் தையல் இயந்திரம் போட்டிருந்தார். எழுந்து நின்று வணங்கி, ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். நான் வந்த காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன். சொற்கள் எளிதில் வரவில்லை. அவர் அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மனுவை அப்போதே ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார், ஐயா," என்றார். "மிக நல்ல தமிழ்."